பூனை வளர்க்கும் வீட்டில் ஒவ்வாமை: காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில், சாலையைப் பார்த்த ஒரு குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது. போன மழைக்காலத்திலிருந்து காலையில் கண் விழித்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர் வடிதல், கண் அரிப்பு என்று தொடர்ந்து அவதிப்படுகிறாள். சில இரவுகளில் இலேசான இளைப்பும் வருகிறது. வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் குட்டிகளாகக் கிடைத்தவை அவை. இப்போது மகளின் கட்டிலில்தான் உறங்குகின்றன. குடும்ப மருத்துவர் மாத்திரையும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் எழுதிக் கொடுத்துவிட்டு, "பூனையாக இருக்கலாம், தூசியாகவும் இருக்கலாம், வசதிப்பட்டால் ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கி வையுங்கள்" என்றார்.

கடைக்குச் சென்று பார்த்தால் 9,000 ரூபாயிலிருந்து 45,000 ரூபாய் வரை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாப் பெட்டியிலும் ஹெப்பா எச் 13 என்று அச்சிட்டிருக்கிறது. ஒன்றில் ஐந்து அடுக்கு வடிகட்டி, இன்னொன்றில் ஏழு அடுக்கு. ஒன்று அயனிகளை வெளியிடுமாம், மற்றொன்றில் புறஊதா விளக்கு இருக்கிறதாம். மகளின் அறை 11 அடிக்கு 12 அடி, கூரை உயரம் 10 அடி, ஏசி உண்டு. ஹால் 12 அடிக்கு 20 அடி. அங்கே மின்விசிறி மட்டும்தான். பூனைகளை வெளியே விடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

விசைமானி எழுதியது:

வணக்கம். மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் காற்றுக் கையாளும் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அடுக்குகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முடியைத் தடுக்கும் வலை, துகளைப் பிடிக்கும் ஹெப்பா, வாடையை ஓரளவு உறிஞ்சும் கரி ஆகிய மூன்றைத் தவிர மற்ற அடுக்குகள் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கின்றன. பெட்டியில் நீங்கள் தேட வேண்டிய எண் சிஏடிஆர் ஒன்றுதான். கருவி ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றை வெளியே தள்ளுகிறது என்பதை அது சொல்லும். அமெரிக்கக் கருவிகளில் நிமிடத்திற்கு இத்தனை கன அடி என்று போட்டிருப்பார்கள்; அதை 1.7 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைத்துவிடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மகளின் அறை 11 × 12 × 10, அதாவது 1,320 கன அடி. ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 35.3 கன அடி என்பதால் இது 37 கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒவ்வாமை உள்ளவர் படுக்கும் அறையில் காற்று மணிக்கு ஐந்து தடவையாவது வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 187 கன மீட்டர் தேவை. ஹால் 2,400 கன அடி, அதாவது 68 கன மீட்டர். அங்கே 340 தேவைப்படும்.

இதில் விளம்பரம் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சிஏடிஆர் 300 உள்ள கருவியின் பெட்டியில் 400 சதுர அடி அறைக்குப் போதும் என்று எழுதியிருப்பார்கள். பத்தடிக் கூரை உள்ள 400 சதுர அடி என்பது 113 கன மீட்டர். அந்த அறைக் காற்று மணிக்கு மூன்று தடவைகூடச் சுழலாது. அதுவும் விசிறி முழு வேகத்தில் இரைச்சலோடு ஓடும்போது வரும் கணக்கு. குழந்தை தூங்கும் அறையில் எவரும் முழு வேகத்தில் ஓட விடமாட்டார்கள். நடு வேகத்தில் பல கருவிகளின் காற்றளவு பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே அந்த 187 நடு வேகத்திலேயே கிடைக்கும்படி, முழுத் திறன் 375க்குக் குறையாத கருவியை அந்தச் சிறிய அறையில் வையுங்கள். சிறிய கருவியைக் கத்தவிடுவதைவிடப் பெரிய கருவியை மெதுவாக ஓட்டுவது எப்போதும் மேல்.

தாம்பரத்தான் எழுதியது:

அம்மா, தவறாக எண்ண வேண்டாம். குழந்தைக்கு இளைப்பு வருகிறது என்கிறீர்கள். இருபதாயிரம் ரூபாய் செலவழித்து இயந்திரம் வாங்குவதைவிடப் பூனைகளை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவதுதானே நேரான வழி? எங்கள் காலத்தில் பூனை திண்ணையோடு நின்றுவிடும். அடுப்படிக்கு வந்தால் உண்டு, படுக்கைக்கு வந்ததில்லை.

நெய்தல் எழுதியது:

தாம்பரத்தான் ஐயா சொல்வது அக்கறையில் வந்த சொல் என்பது புரிகிறது. இளைப்பு கட்டுக்குள் வராமல் போனால் அந்த முடிவையும் எடுக்க வேண்டி வரலாம். ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒவ்வாமைப் பரிசோதனைப் பிரிவில் செவிலியாக இருப்பதால் இரண்டையும் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலாவது, பூனை போனவுடன் ஒவ்வாமை போய்விடாது. பூனையின் முடி ஒவ்வாமை தருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முதன்மைக் காரணம். அது பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது முடியெல்லாம் படிந்து, காய்ந்து, செதிலோடு சேர்ந்து பறக்கிறது. மெத்தை, சோபா, திரைச்சீலை, துணி அலமாரி என எங்கும் ஒட்டிக்கொள்ளும். பூனையை அகற்றிய வீடுகளில், பூனையே இல்லாத வீட்டின் அளவுக்கு அது குறைய ஐந்தாறு மாதங்கள் வரை ஆகின்றன. பூனை வளர்க்கும் பிள்ளைகளின் சீருடையில் ஒட்டிப் பள்ளி வகுப்பறைக்கே போய்ச் சேர்கிறது.

இரண்டாவது, குழந்தைக்குப் பூனைதான் காரணம் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. சென்னை போன்ற ஈரப்பதமுள்ள ஊரில் தூசிப் பூச்சி, அதாவது டஸ்ட் மைட், மிகப் பொதுவான காரணம். கரப்பான் பூச்சி அதற்கு அடுத்து வரும். மழைக்காலத்தில் தொடங்கியது என்கிறீர்கள். சுவரில் பூஞ்சை படிந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முன்கையில் துளித்துளியாக மருந்திட்டுக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அரை மணி நேரத்திற்குள் விடை தெரிந்துவிடும். அதற்கு முன் ஒவ்வாமை மாத்திரையை வழக்கமாக ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். இளைப்புக்கு இன்ஹேலர் கொடுத்திருந்தால் அதை நிறுத்தவே கூடாது. மாத்திரையை நிறுத்த முடியாத பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஐஜிஇ, அதாவது ஒவ்வாமைக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. இந்தச் செலவு கருவியின் விலையில் சிறு பங்குதான். முதலில் இதைச் செய்யுங்கள்.

கரிசல்காரன் எழுதியது:

நெய்தல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சுத்திகரிப்பான் வைத்தால் பூனை ஒவ்வாமை தீரும் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகள் இடம் கொடுக்கவில்லை. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பூனை வளர்த்துக்கொண்டே ஒவ்வாமையால் அவதிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஹெப்பா கருவியும், மற்றவர்களுக்கு வடிகட்டி இல்லாத வெற்றுக் கருவியும் கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். எது யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. உண்மையான கருவி ஓடிய அறைகளில் காற்றில் மிதந்த பூனைப் புரதம் குறைந்தது. ஆனால் தும்மலிலும் மூக்கடைப்பிலும் மருந்துத் தேவையிலும் இரு சாராருக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு காணப்படவில்லை. படிந்த தூசியில் இருந்த புரதமும் குறையவில்லை.

காற்றில் இருப்பது ஒரு சிறு பங்குதான். மிச்சமெல்லாம் மெத்தையிலும் தலையணையிலும் இருக்கிறது, அதன்மேல்தான் குழந்தை முகத்தை வைத்துப் படுக்கிறாள். வடிகட்டியால் தலையணைக்குள் போக முடியாது. இருபதாயிரம் ரூபாயைக் கொடுக்கும்முன் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

விசைமானி எழுதியது:

கரிசல்காரன் சொல்லும் ஆய்வை நானும் அறிவேன். அதை நான் மறுக்கவில்லை. அதே காலத்தில் செல்லப்பிராணி உள்ள வீடுகளின் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வில், படுக்கையறையிலும் ஹாலிலும் கருவி வைத்தபோது மூச்சுக்குழாயின் கூருணர்வு சற்றுத் தணிந்ததாகக் கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், கருவி தனியாக நின்று காப்பாற்றாது, மற்ற ஏற்பாடுகளோடு சேர்ந்தால் உதவக்கூடும் என்ற அளவுக்குத்தான் முடிவு சொல்ல முடியும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது துகளின் அளவைப் பொறுத்தது. பூனைப் புரதத்தில் கணிசமான பங்கு ஐந்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களில் ஒட்டியிருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத அறையிலும் மணிக்கணக்கில் மிதக்கும். அப்படி மிதப்பதைத்தான் கருவியால் இழுக்க முடியும். தூசிப் பூச்சியின் கழிவோ 10 முதல் 20 மைக்ரான் வரை பருத்தது. போர்வையை உதறினால் எழும், சில நிமிடங்களில் விழுந்துவிடும். கருவி வரை வந்து சேராது. அதனால்தான் பரிசோதனை முடிவு வருவதற்கு முன் கருவி வாங்குவது வீண் செலவாகப் போகலாம்.

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம். இதற்கிடையில் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அயனி வெளியிடும் வகைக்கு வடிகட்டியே மாற்ற வேண்டாம், பூனை வாடையும் போய்விடும், குழந்தைகளுக்கு அதுதான் உகந்தது என்று வற்புறுத்துகிறார். இதைப் பற்றிச் சொல்ல முடியுமா?

நெய்தல் எழுதியது:

வேண்டாம். இளைப்பு உள்ள குழந்தையின் அறையில் அயனி வெளியிடும் கருவியோ, ஓசோன் மூலம் வாடையைப் போக்குவதாகச் சொல்லும் கருவியோ இருக்கவே கூடாது. அயனியாக்கும் கருவிகள் பலவற்றில் ஓசோன் உபபொருளாக வருகிறது. ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு; ஆஸ்துமாவைத் தூண்டிவிடும். கலிஃபோர்னியா மாநிலத்தில் 2010 முதல், ஓசோன் 0.050 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) அளவைத் தாண்டாத கருவிகளை மட்டுமே வீட்டுப் பயன்பாட்டிற்கு விற்கலாம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். ஹெப்பா கருவியில் அயனி வசதி கூடுதலாக இருந்தால், அதைத் தனியாக அணைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து, அணைத்தே வையுங்கள்.

விசைமானி எழுதியது:

புறஊதா விளக்கும் உங்களுக்குத் தேவையில்லை. பூனைப் புரதம் கொல்வதற்கு உயிருள்ள பொருளல்ல. காற்று அந்த விளக்கைக் கடக்கும் நொடிப்பொழுதில் புரதத்திற்கு எதுவும் ஆகிவிடாது.

எச் 13 பற்றியும் முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள். மிகவும் நழுவிச் செல்லக்கூடிய அளவுள்ள துகளிலும் 99.95 விழுக்காட்டைத் தடுத்தால் அந்தத் தரம். அமெரிக்கக் கணக்கில் 0.3 மைக்ரானில் 99.97 என்பார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள வேறுபாடு வீட்டில் உணரப்படாது. அதைவிடச் சிறிய துகள்கள் தப்பித்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது சரியல்ல. மிகச் சிறிய துகள்கள் நேர்கோட்டில் போகாமல் அலைந்து திரிந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்வதால் இன்னும் எளிதாக மாட்டும். 0.3 மைக்ரான் சுற்றுவட்டாரம்தான் எந்த வடிகட்டிக்கும் கடினமான அளவு.

வீட்டுக் கருவியில் உண்மையான குறை வேறிடத்தில் வரும். வடிகட்டியின் விளிம்பில் நுரைப்பட்டை ஒன்று ஓடும். அது சட்டத்தோடு இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். வடிகட்டி எந்தத் தரமாக இருந்தும் பயனில்லை. கடையிலேயே மூடியைத் திறக்கச் சொல்லி, வடிகட்டியை வெளியே எடுத்து, பட்டை நான்கு பக்கமும் முழுதாக இருக்கிறதா, உள்ளே வைத்தால் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஒரு வேண்டுகோளும் உண்டு: புது வடிகட்டி பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அதைக் கழற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டும் வீடுகள் பல. முதல் நாளே திறந்து உறையை நீக்குங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பூனைக்கும் தூசிப் பூச்சிக்கும் இரண்டுக்குமே தடிப்பு வந்தது. தூசிப் பூச்சிக்குச் சற்றுப் பெரிதாக. கரப்பானுக்கும் பூஞ்சைக்கும் ஒன்றுமில்லை. ஒவ்வாமை மருத்துவர் இன்ஹேலர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். பூனைகளைப் படுக்கையறைக்குள் விடாமல் சில மாதங்கள் பார்ப்போம், பிறகு முடிவெடுப்போம் என்றார்.

எனக்கு மூன்று ஐயங்கள். ஏசி ஓடும்போது கருவி தேவைதானா? மின்விசிறி சுற்றினால் கருவியின் வேலை கெடுமா? ஆட்டோ முறையில் விட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, போதுமா?

விசைமானி எழுதியது:

ஏசியின் வலை பெரிய தூசியை மட்டும்தான் தடுக்கும். நுண்துகளுக்கு அது வடிகட்டி இல்லை. ஆனால் பிளவு ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுவதால் அறை மூடியிருக்கிறது. கருவிக்கு அது சாதகம். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கருவியை ஓட்டுவதில் பொருளில்லை. அதே சமயம் கருவி கரியமில வாயுவைக் குறைக்காது, ஆக்சிஜனைக் கூட்டாது. நாள் முழுதும் அடைத்தே வைத்தால் அறை புழுங்கும். மாலையில் சாலை நெரிசல் தொடங்கும்முன் சன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்துவிட்டு, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு எல்லாவற்றையும் மூடிக் கருவியை முழு வேகத்தில் விடுங்கள். மணிக்கு ஐந்து தடவைக்குமேல் காற்று சுழலும் அறையில், புதிதாக எதுவும் கிளம்பாதவரை, மிதக்கும் துகள் அந்த அரை மணியிலேயே பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே போய்விடும். பிறகு நடு வேகத்திற்கு மாற்றி விடியும்வரை ஓட விடலாம்.

மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டால் அறைக் காற்று நன்றாகக் கலந்து கருவிக்கு உதவும். வேகமாகச் சுற்றினால் படிந்ததைக் கிளப்பும். இறக்கைகளின் மேற்புறத்தில் படிந்திருக்கும் தூசியைத் துடைக்கும்போது, பழைய தலையணை உறையை இறக்கையின் மேல் மாட்டி அப்படியே உருவி எடுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. அந்த நேரத்தில் குழந்தை அறையில் இருக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆட்டோ முறையை இந்தத் தேவைக்குப் பயன்படுத்தாதீர்கள். கருவிக்குள் இருக்கும் உணரி பிஎம் 2.5 அளவை, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான நுண்துகளின் அளவை, ஒளிச் சிதறலைக் கொண்டு மதிப்பிடுகிறது. அடுப்பில் தாளித்தால், ஊதுவத்தி ஏற்றினால், போகியன்று டயர் எரித்தால் உடனே சிவப்பாகி உறுமும். பூனைப் புரதமோ ஒரு கன மீட்டர் காற்றில் நானோகிராம் கணக்கில் இருந்தாலே ஒவ்வாமை உள்ளவருக்குப் போதும். மைக்ரோகிராம் கணக்குக் காட்டும் திரையில் அது தெரியவே தெரியாது. பூனை கட்டிலில் புரண்டுவிட்டு இறங்கிப்போன பிறகும் திரை 12 என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும், விசிறி மிகக் குறைந்த வேகத்திற்குப் போயிருக்கும். திரை சொல்வது புகை நிலவரத்தை; உங்கள் மகளின் ஒவ்வாமை நிலவரத்தை அல்ல. கையால் வேகத்தை அமைத்து, தொடர்ந்து ஓட்டுங்கள். மின்கட்டணம் பற்றி அஞ்ச வேண்டாம்: நடு வேகத்தில் 30 வாட் எடுக்கும் கருவி இரவு பத்து மணி நேரம் ஓடினால் மாதம் ஒன்பது யூனிட்தான்.

தாம்பரத்தான் எழுதியது:

தகவல்களுக்கு நன்றி. பூனையைக் கொடுத்துவிடச் சொன்னது குழந்தையை நினைத்துத்தான். இன்னொன்றும் கேட்கிறேன்: வீட்டில் கொசுவத்திச் சுருள் ஏற்றுகிறீர்களா?

மூன்றாம்மாடி எழுதியது:

ஏற்றுகிறோம் ஐயா. ஹாலில், மாலை வேளையில். காலையில் பூஜையறையில் ஊதுவத்தியும் உண்டு.

கரிசல்காரன் எழுதியது:

அதைத் தாம்பரத்தான் கேட்டது மிக நல்லதாயிற்று. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் பிஎம் 2.5 நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று கண்டார்கள். ஒருபுறம் அதை எரித்துவிட்டு மறுபுறம் ஹெப்பாவை ஓட்டினால், வடிகட்டி புகையைப் பிடித்தே அடைந்து போகும். சன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், கட்டிலுக்கு வலை கட்டுங்கள். ஊதுவத்தியை விளக்கோடு நிறுத்திக்கொள்ள முடியுமானால் நல்லது. முடியாவிட்டால், எரியும்போது சன்னல் திறந்திருக்கட்டும், மகளின் அறைக் கதவு மூடியிருக்கட்டும்.

இரட்டைப்பூனை எழுதியது:

என் வீட்டிலும் இரண்டு பூனைகள் இருக்கின்றன. கணவருக்குப் பூனை ஒவ்வாமை. சில ஆண்டுகளாகச் சுத்திகரிப்பானோடு வாழ்கிறோம் என்பதால், பூனை வீட்டுக்கே உரிய சில விவரங்களைச் சொல்கிறேன்.

கருவி வாங்கும்போது முன்வலையைக் கழற்றுவது எளிதா என்று பாருங்கள். திருகாணி கழற்றி எடுக்க வேண்டியதாக இருந்தால் நாளடைவில் யாரும் செய்ய மாட்டோம். எங்கள் கருவியின் வலையில் இரண்டு வாரத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல ஒரு படலம் படிந்துவிடும். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே தாளாக உரிந்து வரும். அதை அப்படியே விட்டால் காற்று வரத்து குறைந்து, கருவி ஓடிக்கொண்டிருப்பது போலத் தோன்றுமே தவிர வேலை நடக்காது. வலையை வாக்குவம் கொண்டு இழுக்கலாம், கழுவியும் காயவைக்கலாம். ஹெப்பா வடிகட்டியை மட்டும் ஒருபோதும் தண்ணீரில் காட்டாதீர்கள், இழைகள் கெட்டுவிடும்.

மேற்பக்கமாகக் காற்று வெளியேறும் கருவியின் மேல் பூனைகள் ஏறி உட்காரும். தொடுதிரைப் பொத்தான்களைப் பாதத்தால் அழுத்தி அணைத்தும்விடும். குழந்தைப் பூட்டு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். குட்டிகள் மின்கம்பியைக் கடிக்கும். அதைச் சுவரோரம் கேசிங் பட்டைக்குள் விட்டுவிடுங்கள். கருவிக்குள் வாசனை எண்ணெய் ஊற்றும் சிறு தட்டு சிலவற்றில் இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். டீ ட்ரீ போன்ற எண்ணெய்கள் பூனைக்கு நஞ்சு. ஒவ்வாமை மூக்கிற்கும் அந்த நெடி ஆகாது.

பூனை மலசலம் கழிக்கும் மணல்தட்டைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. களிமண் வகை மணலைக் கொட்டும்போது எழும் வெள்ளைத் தூசியைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் திகைத்துப் போவீர்கள். பூனை தோண்டும் ஒவ்வொரு தடவையும் அது எழுகிறது. மரத்தூள் உருண்டை அல்லது டோஃபு வகைக்கு மாற்றினால் அந்தத் தூசி பெருமளவு நிற்கும். தட்டு மகளின் அறைக்கு அருகில் இல்லாமல், வெளியேற்று விசிறி உள்ள குளியலறையில் இருக்கட்டும். ஆண் பூனைக்குக் கருத்தடை செய்யாவிட்டால் செய்துவிடுங்கள். அதன் பின் அந்தப் புரதம் சுரப்பது குறைகிறது. பூனையைக் குளிப்பாட்டுவதால் நிலையான பயன் இல்லை. சில நாள்களிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும், பூனைக்கும் வேதனை.

நெய்தல் எழுதியது:

தூசிப் பூச்சிக்குப் பெரிய தடிப்பு வந்திருப்பதால் பணத்தின் முதல் பங்கை மெத்தைக்கு ஒதுக்குங்கள். ஜிப் வைத்து முழுதாக மூடும் நெருக்கமான நெசவு உறை, மெத்தைக்கும் தலையணைக்கும் தேவை. மேலே விரிக்கும் சாதாரண விரிப்பு போதாது. விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வாஷிங் மெஷினில் அந்த வெப்ப அமைப்பு இல்லையென்றால் வாளியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துப் பிறகு போடலாம். மொட்டைமாடி வெயிலில் காயவைப்பது பூச்சியைக் கொல்ல உதவும். ஏற்கெனவே படிந்த கழிவை நீக்கத் துவைத்தால்தான் முடியும். ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் தூசிப் பூச்சி பெருகாது. சென்னையில் அது எளிதல்ல, ஆனால் ஏசியின் டிரை முறை ஓரளவு கைகொடுக்கும். பஞ்சு பொம்மைகளும் தரைவிரிப்பும் அந்த அறையில் வேண்டாம். துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடையுங்கள்.

மூன்றாம்மாடி எழுதியது:

இதையெல்லாம் படித்தபின் செய்தவற்றைச் சொல்கிறேன். மெத்தை உறைகள் வாங்கிவிட்டோம். சுருளை நிறுத்திச் சன்னல்களுக்கு வலை அடித்தாயிற்று. மகளின் அறைக் கதவு எப்போதும் மூடியிருக்கிறது. முதல் சில இரவுகள் பூனைகள் கதவைப் பிறாண்டின, இப்போது ஹாலில் நாற்காலிக்கு அடியில் போட்ட கூடையில் உறங்கப் பழகிவிட்டன. கருவியாக, சிஏடிஆர் 380 உள்ள, அயனி இல்லாத, வலையைக் கையாலேயே உருவக்கூடிய ஒன்றை 16,000 ரூபாய்க்கு வாங்கி மகளின் அறையில் மட்டும் வைத்திருக்கிறோம். ஹாலுக்கு இப்போதைக்கு வாங்கவில்லை. காலைத் தும்மல் நன்றாகவே குறைந்திருக்கிறது. உறையாலா, கதவாலா, இன்ஹேலராலா, கருவியாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இன்னும் ஒரு கேள்வி. நிறுவனத்தின் மாற்று வடிகட்டி 3,200 ரூபாய். இணையத்தில் அதே அளவில் 1,100 ரூபாய்க்கு வேறு தயாரிப்பாளர்களுடையது கிடைக்கிறது. வாங்கலாமா?

விசைமானி எழுதியது:

விலை குறைந்ததெல்லாம் போலி என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து மடிப்புகளைப் பாருங்கள். மடிப்பு குறைவாக, அகலமாக இருந்தால் தாளின் பரப்பு குறைவு. சீக்கிரம் அடைபடும், காற்றும் குறையும். நுரைப்பட்டை மெல்லியதாகவோ ஒட்டு விட்டோ இருந்தால் வாங்காதீர்கள். சோதனை அறிக்கை எதுவும் காட்டாமல் எச் 13 என்று அச்சடிப்பதை யாரும் தடுப்பதில்லை. குழந்தையின் அறை என்பதால் முதல் மாற்றத்திற்கு நிறுவனத்தினுடையதையே வாங்குங்கள் என்பது என் கருத்து. திரையில் வரும் மாற்றச் சொல்லும் விளக்கு பல கருவிகளில் ஓடிய மணிக்கணக்கை வைத்து எரிவது. புகையில்லாத வீட்டில் வடிகட்டி அதைத் தாண்டியும் உழைக்கலாம். காற்று வெளியேறும் வாயில் ஒரு மெல்லிய காகிதத்துண்டைப் பிடித்து, புதிதாக இருந்தபோது எவ்வளவு தூக்கியதோ அவ்வளவு தூக்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

நெய்தல் எழுதியது:

தும்மல் குறைந்தது கேட்டு மகிழ்ச்சி. அதை வைத்து ஸ்பிரேயையோ இன்ஹேலரையோ நீங்களாகக் குறைக்க வேண்டாம். இளைப்பு வந்த இரவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மருந்தைக் குறைக்கலாமா என்று முடிவெடுக்க அந்தக் குறிப்பு மிகவும் உதவும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஈரப்பதம் ஏறும். அந்த மாதங்களின் பதிவை விட்டுவிடாதீர்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுத்தாலோ, இன்ஹேலருக்குப் பிறகும் தணியாவிட்டாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.